கூட்டலில் தொலையும் ஒன்று

பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய கல்லூரியின் நூலகத்தில், நடுக்கூடத்துச் சுவரில் ஒரு கரும்பலகை தொங்கியது. அன்றைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதை அதில் எழுதி வைப்பது வழக்கம். நூலகத்துக்கு இரண்டு வாயில்கள். இரண்டிலும் ஒவ்வோர் உதவியாளர். ஒருவர் உள்ளே நுழைந்ததும் உதவியாளர் பலகையைப் பார்ப்பார். 240 என்றிருந்தால் மனத்துக்குள் ஒன்றைக் கூட்டிக்கொண்டு, நடந்துபோய், பழையதை அழித்து 241 என்று எழுதுவார். மாத இறுதியில் வாசகர்கள் போட்டுவிட்டுப் போன சீட்டுகளை எண்ணிப் பார்த்தால், பலகைக் கணக்கு எப்போதும் குறைவாகவே இருக்கும். ஒரு முறைகூட அது கூடுதலாக இருந்ததில்லை. உதவியாளர்கள் சோம்பேறிகள் என்று பேச்சு எழுந்தது.

அவர்கள் சோம்பேறிகள் அல்லர். இரண்டு வாயில்களிலும் ஒரே நேரத்தில் ஆள் நுழையும்போது, இருவரும் பலகையில் 240 என்பதையே பார்க்கிறார்கள். இருவரும் 241 என்றே எழுதுகிறார்கள். வந்தவர்கள் இருவர், கணக்கில் ஏறியவர் ஒருவர். கூட்டம் எவ்வளவு மிகுதியோ அவ்வளவுக்குத் தவறும் மிகுதி. தேர்வுக்கு முந்தைய வாரத்தில், அதாவது கணக்கு நமக்கு மிகவும் தேவைப்பட்ட வாரத்தில்தான், அது மிக அதிகமாகப் பொய் சொன்னது.

இந்தப் பலகையை நான் மறந்தே போயிருந்தேன். நினைவூட்டியவன் என் அக்காள் மகன். கணினியின் வலைப்பின்னல் அட்டைக்கும் இயங்குதளத்துக்கும் இடையே நின்று வேலை வாங்கும் டிரைவர் என்னும் மென்பொருளை எழுதுவது அவன் தொழில். “உங்கள் வேலையில் கடினமான பகுதி எது?” என்று ஒருநாள் கேட்டேன். “ஒன்றோடு ஒன்றைக் கூட்டுவதுதான் மாமா” என்றான். கேலி செய்கிறான் என்றே முதலில் நினைத்தேன்.

கணினிக்குள் வரும் செய்தியோ, படமோ, பணப்பரிமாற்றமோ எதுவாயினும் சிறு சிறு தரவுப் பொட்டலங்களாகத்தான் வருகிறது. ஒவ்வொரு பொட்டலம் வரும்போதும் டிரைவர் சில கட்டங்களில் எண்ணிக்கையைக் கூட்டி எழுதுகிறது. வந்த பொட்டலங்கள் இத்தனை, பைட்டுகள் இத்தனை, இடமின்றிக் கைவிடப்பட்டவை இத்தனை, பழுதுபட்டவை இத்தனை என்பவை அந்தக் கட்டங்கள். இணையச் சேவை நிறுவனம் தன் பாதையை விரிவாக்க வேண்டுமா, எந்த இணைப்பில் கோளாறு, யாரிடம் எவ்வளவு கட்டணம் கேட்பது என்பவற்றுக்கெல்லாம் அடிப்படை இந்த எண்கள்தாம். பொருளாதாரம் படித்தவனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: முதலீட்டு முடிவின் அடியில் எங்கோ ஒரு எழுத்தர் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கிறார்.

ஒரே ஒரு பிராசசர் இருந்த காலத்தில் இதில் பெரிய சிக்கல் இல்லை. (‘செயலி’ என்ற நல்ல சொல்லைக் கைப்பேசிப் பயன்பாடுகளுக்குக் கொடுத்துவிட்டோம், அதனால் ஆங்கிலச் சொல்லையே ஆள வேண்டியிருக்கிறது.) இன்று சாதாரணக் கைப்பேசியிலேயே எட்டு பிராசசர் கருக்கள் இருப்பது இயல்பு, பெரிய சேவைக் கணினிகளில் நூற்றுக்கும் மேல். வரும் பொட்டலங்களைப் பல வரிசைகளாகப் பிரித்து வெவ்வேறு பிராசசர்களிடம் ஒப்படைக்கிறது வலைப்பின்னல் அட்டை. எல்லா பிராசசர்களும் ஒரே கட்டத்தில் கூட்டி எழுத முனைந்தால், எங்கள் கரும்பலகையின் கதைதான். நாம் ‘ஒன்றைக் கூட்டு’ என்று ஒரே வரியில் எழுதினாலும், பிராசசருக்கு அது மூன்று செயல்கள்: படி, கூட்டு, எழுது. இந்த மூன்றுக்கும் இடையில் இன்னொருவர் புகுந்துவிட்டால் ஒரு பொட்டலம் கணக்கிலிருந்து தொலைகிறது.

அப்படியானால் பலகைக்கு ஒரு பூட்டுப் போடலாமே என்று தோன்றும். ஒருவர் எழுதி முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்கட்டும். கணக்குச் சரியாகிவிடும், வேலை நின்றுவிடும். விநாடிக்கு 10 கிகாபிட் வேகமுள்ள ஈத்தர்நெட் இணைப்பில், மிகச் சிறிய பொட்டலங்களாக வந்தால் விநாடிக்கு ஏறத்தாழ 1 கோடியே 48 லட்சம் பொட்டலங்கள் வரக்கூடும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 67 நானோ விநாடி. ஒரு நானோ விநாடி என்பது விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு. அந்த நேரத்துக்குள் பொட்டலத்தைத் திறந்து பார்த்து, யாருக்கு என்று கண்டறிந்து, உரிய இடத்தில் சேர்க்க வேண்டும். இந்த நிலையில் பூட்டுக்காக வரிசையில் நிற்பது இயலாத காரியம்.

படித்து, கூட்டி, எழுதுவதை இடையில் யாரும் புக முடியாத ஒரே செயலாகச் செய்யும் வசதியும் பிராசசர்களில் உண்டு. அதிலும் மறைமுகச் செலவு இருக்கிறது. ஒவ்வொரு பிராசசரும் அடிக்கடி பயன்படுத்தும் தரவைத் தன் கையருகே ‘கேஷ்’ என்னும் சிறு நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. பெரும்பாலான கணினிகளில் இது 64 பைட் கொண்ட சிறு சிறு துண்டுகளாகக் கையாளப்படுகிறது. ஒரு பிராசசர் ஒரு துண்டில் எழுதினால், மற்றவர்களிடம் இருக்கும் அதே துண்டின் நகல்கள் செல்லாதவை ஆகிவிடும்; அவர்கள் எழுத வேண்டுமானால் அத்துண்டைத் திரும்ப வரவழைக்க வேண்டும். அதற்குப் பல பத்து நானோ விநாடிகள் பிடிக்கும். வேறொரு சில்லில் இருந்து வர வேண்டுமானால் நூறையும் தாண்டலாம். ஒவ்வொருவரும் தம் கணக்கில் ஒன்றைக் கூட்டும்போது மற்ற அனைவர் மீதும் ஒரு செலவைச் சுமத்துகிறார்கள். அந்தச் செலவு அவர்கள் கணக்கில் வருவதில்லை. ஆலைப் புகையையும் போக்குவரத்து நெரிசலையும் பற்றிப் பாடம் நடத்தும்போது ‘புறவிளைவு’ என்று நாங்கள் வகுப்பில் சொல்வது இதைத்தான். ஒரு சில்லுக்குள் அதைப் பார்ப்பேன் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

தீர்வு என்ன? எங்கள் நூலகத்தில் ஒரு உதவியாளர் தாமாகவே அதைக் கண்டுபிடித்தார். பலகைக்கு நடப்பதை நிறுத்திவிட்டு, தம் வாயிலருகே சுவரில் சுண்ணக்கட்டியால் கோடு கிழிக்கத் தொடங்கினார், மற்றவரும் அப்படியே. மாலையில் இரண்டையும் கூட்டிப் பலகையில் எழுதினார்கள். லினக்ஸ் இயங்குதளம் செய்வதும் இதுவே. ஒவ்வொரு பிராசசருக்கும் தனித்தனிக் கட்டம். தன் கட்டத்தில் தான் மட்டுமே எழுதும். யாராவது மொத்தம் கேட்டால் அப்போது எல்லாக் கட்டங்களையும் சுற்றிவந்து கூட்டிச் சொல்லும். எழுதுவது விநாடிக்குப் பல லட்சம் முறை. மொத்தம் கேட்கப்படுவதோ சில விநாடிகளுக்கு அல்லது சில நிமிடங்களுக்கு ஒருமுறை. அடிக்கடி நடப்பதை மலிவாக்கி, அரிதாக நடப்பதன் மீது செலவை ஏற்றுவது எந்த நிதியமைச்சருக்கும் புரியக்கூடிய ஏற்பாடு.

நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் இப்படித்தான் நடக்கிறது. ஒவ்வொரு கணக்கெடுப்பாளருக்கும் ஒரு பகுதி. மொத்தம் மேலே போய்த்தான் உருவாகிறது. ஆனால் அங்கே ஒரு கூடுதல் கவனம் உண்டு. 2011 கணக்கெடுப்பில் பிப்ரவரி 9 முதல் 28 வரை வீடு வீடாகச் சென்று எண்ணினார்கள். எனினும் பனி மூடிய பகுதிகள் நீங்கலாக, கணக்கு மார்ச் 1ஆம் தேதி தொடங்கும் நள்ளிரவு நேரத்துக்கே உரியது. அதனால் மார்ச் 1 முதல் 5 வரை மறுபடியும் சென்று, இடையில் பிறந்தவர்களையும் இறந்தவர்களையும் சரிசெய்தார்கள். பொட்டலங்களை எண்ணும் கணினிக்கு அத்தகைய நள்ளிரவு கிடையாது. முதல் கட்டத்தைப் படித்துவிட்டுக் கடைசிக் கட்டத்துக்கு வருவதற்குள் முதல் கட்டம் நகர்ந்திருக்கும். ஆகவே கிடைக்கும் மொத்தம், எந்த ஒரு கணத்துக்கும் மிகச் சரியாகப் பொருந்தும் எண் அன்று. இதில் பாதகமில்லை. இக்கட்டங்கள் ஏறுமுகமாக மட்டுமே செல்பவை. நமக்கு வேண்டியது இரண்டு நேரங்களுக்கு இடையிலான வேறுபாடு. இப்போது விடுபட்ட பொட்டலம் அடுத்த முறை வந்து சேர்ந்துவிடும். தாமதமாக வரும் எண் வேறு; தொலைந்துபோன எண் வேறு. முன்னதைப் பொறுத்துக்கொள்ளலாம்; பின்னதை எந்தத் திருத்தத்தாலும் மீட்க முடியாது.

இத்துடன் கதை முடிந்திருக்கலாம். ஆனால் எண்ணின் அளவு என்று ஒரு தொல்லை இருக்கிறது. 32 பிட் கட்டத்தில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 295. அதற்கு மேல் ஒன்றைக் கூட்டினால், பழைய வாகனங்களின் கிலோமீட்டர் காட்டியைப் போல, பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். விநாடிக்கு 10 மெகாபிட் இணைப்பு முழு வேகத்தில் ஓடினால், பைட்டுக் கணக்கு 57 நிமிடங்களில் ஒரு சுற்று முடிக்கும்; 100 மெகாபிட்டில் 5.7 நிமிடம், 1 கிகாபிட்டில் வெறும் 34 விநாடி. 2000ஆம் ஆண்டில் வெளியான இணையத் தரநிலை ஆவணம் ஒன்றே இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டி, வேகமான இணைப்புகளுக்கு 64 பிட் கட்டம் வேண்டும் என்று விதித்தது.

இது வெறும் கணிதக் குறும்பு அன்று. கண்காணிக்கும் மென்பொருள்கள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணைப் படித்து முந்தைய எண்ணைக் கழித்துப் பார்ப்பது நெடுநாள் வழக்கம். 1 கிகாபிட் இணைப்பு ஐந்து நிமிடம் நிரம்பி வழிந்தால் 3,750 கோடி பைட்டுகள் கடக்கும். 32 பிட் கட்டம் அதற்குள் எட்டு முழுச் சுற்றுகளை முடித்துவிடும். கழித்தால் கிடைப்பது 314 கோடி மட்டுமே. அதாவது விநாடிக்கு 84 மெகாபிட் என்று வரைபடம் காட்டும். மூச்சுத் திணறும் ஒரு பாதை, பத்தில் ஒரு பங்குகூடப் பயன்படாத பாதையாகத் தெரியும். விரிவாக்கத்துக்குப் பணம் கேட்கும் பொறியாளரிடம் மேலாளர் அந்த வரைபடத்தைத்தான் நீட்டுவார்.

64 பிட் கட்டமோ 10 கிகாபிட் வேகத்தில் ஓடினாலும் ஒரு சுற்று முடிக்க 460 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஆனால் 32 பிட் பிராசசரால் 64 பிட் எண்ணை ஒரே மூச்சில் கையாள முடியாது. மேற்பாதி, கீழ்ப்பாதி என்று இரண்டாகத்தான் படிக்கவும் எழுதவும் முடியும். இங்கே இரண்டாவது கண்ணி. பழைய கிரிக்கெட் மைதானங்களில் தகடு மாற்றும் ஓட்டப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். 199இலிருந்து 200க்குப் போக மூன்று தகடுகளை மாற்ற வேண்டும். ஆள் முதல் தகட்டை மட்டும் மாற்றிய கணத்தில் நிமிர்ந்து பார்ப்பவருக்கு 299 தெரியும். கடைசி இரண்டை முதலில் மாற்றியிருந்தால் 100 தெரியும். இரண்டுமே ஒருபோதும் எடுக்கப்படாத ஓட்டங்கள். கணினியிலும் அப்படியே. கீழ்ப்பாதி நிரம்பி மேற்பாதிக்கு ஒன்று ஏறும் கணத்தில் இன்னொரு பிராசசர் படித்துவிட்டால், 429 கோடி என்பது பூஜ்யமாகவோ 858 கோடியாகவோ தெரியக்கூடும். கட்டத்தில் எழுதுபவர் ஒருவர்தான், கணக்கும் பிழையில்லை, படித்தவர் மட்டும் ஏமாந்தார். மிக அரிதாகவே நேரும் தவறு என்பதால் சோதனைக்கூடத்தில் இது பிடிபடாது. எங்கோ ஒரு வரைபடத்தில் விளங்காத ஊசிமுனையாக எழுந்து நிற்கும்.

எரிக் டுமாசே என்ற லினக்ஸ் நிரலாளர் 2010இல் இதற்கு ஒரு சிக்கனமான ஏற்பாட்டை லினக்ஸின் மையப்பகுதியில் சேர்த்தார். கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய வரிசை எண். எழுதத் தொடங்கும்போது அதில் ஒன்று கூட்டப்படும். எழுதி முடித்ததும் மீண்டும் ஒன்று. ஆகவே வரிசை எண் ஒற்றைப்படையாக இருந்தால் உள்ளே வேலை நடக்கிறது என்று பொருள். இரட்டைப்படையாக இருந்தால் அமைதி. படிப்பவர் முதலில் வரிசை எண்ணைப் பார்க்கிறார், ஒற்றைப்படையானால் பொறுத்திருக்கிறார், பிறகு கட்டத்தைப் படித்து, வரிசை எண்ணை மறுபடி பார்க்கிறார். மாறியிருந்தால், படித்ததைத் தூக்கி எறிந்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறார். எழுதுபவர் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. 64 பிட் பிராசசர்களில் எண்ணை ஒரே மூச்சில் எழுத முடியும் என்பதால், அங்கே இந்த வரிசை எண்ணே தேவையில்லை. நிரலைத் தொகுக்கும்போது அது செலவின்றி மறைந்துவிடுகிறது. 32 பிட் இயந்திரங்கள் மறைந்துவிட்டனவே என்று எண்ண வேண்டாம். வீட்டு மூலையில் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் இணையப் பெட்டிகளில் பல அந்த வகைதான்.

பிராசசர்கள் வேகத்துக்காகத் தம் எழுத்து வேலைகளின் வரிசையை மாற்றிக்கொள்ளும் பழக்கம் உடையவை; அதனால் ‘வரிசை எண் முதலில், கட்டம் பிறகு’ என்பதை உறுதிசெய்யத் தனியே தடுப்பு வைக்க வேண்டியிருக்கிறது. அதைப் பற்றி விரிவாக எழுத எனக்குத் தகுதியில்லை. ஆனால் மற்றொரு நிபந்தனை முக்கியமானது. ஒரு நேரத்தில் ஒரு கட்டத்தில் எழுதுபவர் ஒருவராகவே இருக்க வேண்டும். ஒரு பிராசசருக்கு ஒரு கட்டம் என்று கொடுத்துவிட்டால் அது தானே நிறைவேறிவிடாதா? ஆகாது. பிராசசர் பாதி எழுதிக்கொண்டிருக்கும்போதே ‘புதிய பொட்டலம் வந்திருக்கிறது, உடனே கவனி’ என்று குறுக்கீடு வரலாம். அப்போது அதே பிராசசர் கைவேலையைப் பாதியில் வைத்துவிட்டு, அதே கட்டத்தில் வேறொரு கணக்கை எழுதக்கூடும். ஒரே எழுத்தர்தான்; ஆனால் தொலைபேசி மணி அடித்ததும் எழுந்துபோய், திரும்பிவந்து, பழைய நினைவிலேயே பேரேட்டில் எழுதுகிறார். எண்ணிக்கை தொலைவது ஒரு புறமிருக்க, வரிசை எண்ணிலேயே ஒரு கூட்டல் தொலைந்தால் அது ஒற்றைப்படையிலேயே நின்றுவிடும். படிக்க வந்தவர் என்றென்றும் காத்திருப்பார். இந்த ஏற்பாட்டின் நிரலிலேயே இவ்வெச்சரிக்கை குறிப்பாக எழுதப்பட்டுள்ளது. வரும் பொட்டலங்களுக்கும் போகும் பொட்டலங்களுக்கும் தனித்தனி வரிசை எண் வைப்பதும், எழுதும் சில கணங்களுக்குக் குறுக்கீட்டைத் தடுத்து நிறுத்துவதும் இதற்காகத்தான்.

பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்ட பிராசசரையும் மறந்துவிடக் கூடாது. பெரிய கணினிகளில் மின்சாரச் சேமிப்புக்காகவோ பழுதுக்காகவோ சில பிராசசர்களை ஓட்டத்தின் நடுவே நிறுத்துவது உண்டு. மொத்தம் கூட்டும்போது இப்போது இயங்குபவற்றை மட்டும் கூட்டினால், நிறுத்தப்பட்டது அதுவரை எண்ணியதெல்லாம் காணாமற்போகும். ஏறுமுகமாக மட்டுமே செல்ல வேண்டிய எண் திடீரென்று இறங்கும். ஓய்வுபெற்ற எழுத்தரின் பேரேட்டை அவரோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டதைப் போன்றது இது. (ஓய்வுபெற்றவனாகிய எனக்கு இந்த உவமை சற்று உறுத்துகிறது.) அதனால் நல்ல டிரைவர்கள், இருக்கக்கூடிய எல்லா பிராசசர்களின் கட்டங்களையும் கூட்டுகின்றன.

பலர் ஒரே இடத்தில் எழுதுவதன் விளைவு எண்ணிக்கையோடு நிற்பதில்லை. 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏறத்தாழ 5 கோடி மக்கள் மின்சாரமின்றித் தவித்தார்கள். தொடக்கக் காரணம் மரங்களில் உரசிய மின்கம்பிகள். ஆனால் ஒஹையோவின் கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை ஒலிக்க வேண்டிய மென்பொருளில், இரண்டு செயல்கள் ஒரே தரவில் ஒரே நேரத்தில் எழுத முனைந்து அது உறைந்துபோனது; எச்சரிக்கை வரவில்லை என்பதே அங்கிருந்தவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலாகத் தெரியவில்லை.

என் அக்காள் மகன் அண்மையில் சரிசெய்த டிரைவரில் நடந்தது இவ்வளவு பெரிதன்று. வந்த பொட்டலங்களுக்குத் தனித்தனிக் கட்டம் வைத்திருந்த முன்னோர், கைவிடப்பட்ட பொட்டலங்களுக்கு மட்டும் ஒரே பொதுக் கட்டத்தை விட்டிருந்தார்கள். ‘அது அரிதாகத்தானே நடக்கிறது’ என்பது அவர்கள் நியாயம். இது அந்த டிரைவருக்கு மட்டும் உரிய அசட்டையும் அன்று. பொதுக் கட்டங்களில் இவ்வாறு பலர் எழுதுவதைப் பிரிக்க முடியாத ஒரே செயலாகச் செய்யும் வசதி லினக்ஸில் பரவலாகச் சேர்க்கப்பட்டதே 2022இல்தான். அரிதாக நடப்பது உண்மைதான். ஆனால் நடக்கும்போது நெரிசல் நேரத்தில், எல்லா பிராசசர்களிலும் ஒன்றாக நடக்கும். அவன் அதைத் தனித்தனிக் கட்டங்களாக மாற்றினான். மாற்றிய மறுவாரம், கைவிடப்பட்ட பொட்டலங்களின் எண்ணிக்கை முன்பைவிட உயர்ந்து தெரிந்தது.

குற்றங்களைப் பதிவு செய்யத் தொடங்கிய காவல் நிலையத்தில் குற்றம் கூடியதாகத் தெரிவதை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. அவனுடைய மேலதிகாரிகளுக்கு வியப்பாக இருந்தது. “உன் திருத்தத்துக்குப் பிறகு நிலைமை மோசமாகியிருக்கிறதே, பழைய நிரலுக்கே திரும்பிவிடலாமா?” என்று எழுதிக் கேட்டிருந்தார்கள். விளக்கக் கடிதம் எழுதித்தர முடியுமா என்று அவன் என்னைக் கேட்டான். நான் நூலகத்துக் கரும்பலகையிலிருந்து தொடங்கினேன்.